மடிதடவி வம்சம்

நாய்க்குப் பெயர் வைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நாய்க்குப் பூர்வீகம் வைக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் சகிக்க முடியவில்லை. தன் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் தலையைச் சொறிகிற பயல், தன் நாயின் தாத்தா அரண்மனையில் இருந்தது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான்.

என் அண்ணன் மகன் அந்த ரகம். மூடிப்போன பிஸ்கட் கம்பெனிக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு நாய்ப்பண்ணை வைத்திருக்கிறான். சாம்பல் நிறம், தொங்கின காது, நீண்ட மூஞ்சி, வற்றலும் தொற்றலுமான உடம்பு. உட்கார்ந்தால் மூக்கு சரியாக ஆளின் இடுப்புக்கு வரும். அதற்கு 'ராஜபாதம்' என்று பெயராம். அந்தக் காலத்தில் ராஜசபைக்கு வருகிறவன் துணிக்குள் கத்தியை ஒளித்து வைத்திருந்தால், இந்த நாய் நேராகப் போய் அவன் எதிரில் உட்கார்ந்துவிடுமாம். கடிக்காதாம், குரைக்காதாம். வேலை முடிந்ததும் ராஜாவின் பாதத்தில் வந்து படுத்துக்கொள்ளுமாம். அதனால் ராஜபாதம். எந்த ராஜா, எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. கார் வைத்திருக்கிறவனிடம் ராஜா என்று சொன்னால் போதும், அந்த ராஜா தான்தான் என்று நினைத்துக்கொள்வான்.

எதிரில் உட்காரும் என்பது மட்டும் நிஜம். மற்றதெல்லாம் கப்சா.

அந்த நாய்களின் நிஜப் பெயர் மடிதடவி. அது தெரிந்தவர்களில் பாதிப் பேர் செத்துப் போனார்கள், மீதிப் பேர் மறந்து போனார்கள். நான் இரண்டும் செய்யவில்லை.

என் அண்ணன் அந்த பிஸ்கட் கம்பெனியில் கேட் சோதனைக்காரன். ஷிப்டு முடிந்து வெளியே போகிறவர்களை வரிசையில் நிறுத்தி, பையையும் சாப்பாட்டுத் தூக்கையும் இடுப்பு மடியையும் தடவிப் பார்ப்பது அவன் உத்தியோகம். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவனுக்கு அதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது. ஜனங்கள் அவனை முகத்துக்கு நேரே 'அண்ணே' என்றார்கள், முதுகுக்குப் பின்னால் 'மடிதடவி' என்றார்கள். பெண்களை இவன் தொட்டுச் சோதிப்பதா என்று ஒரு நாள் பெரிய சண்டை வந்தது. அப்போதுதான் மாவுக் கிடங்கில் எலி பிடித்துத் திரிந்த இரண்டு தெரு நாய்களைக் கொண்டுவந்து கேட்டில் கட்டினான்.

அவற்றுக்கு அவன் கொடுத்த பயிற்சியைச் சொல்கிறேன். யார் மடியில் பிஸ்கட் இருக்கிறதோ அந்த ஆளே அதை வெளியே எடுத்து, மொத்த ஷிப்டும் பார்க்க, தன் கையால் நாய்க்கு ஊட்ட வேண்டும். ஊட்டி முடித்த பிறகுதான் மேனேஜர் அறைக்குப் போகலாம். இவ்வளவுதான் பயிற்சி. நாய்க்கு வேறென்ன வேண்டும்? வரிசையில் வருகிறவர்களில் எவரிடம் வெண்ணெய் வாசம் வருகிறதோ அவர் எதிரில் உட்கார்ந்து, வாலை ஆட்டி, நாக்கைத் தொங்கவிட்டுக் காத்திருக்கும். வேலை போகப் போகிறவளை நாய் மட்டும் அத்தனை அன்போடு பார்க்கும். இதற்குப் பெயர் வீரம், விசுவாசம் என்று இப்போது விற்கிறார்கள்.

அண்ணன் பெயரே நாய்க்கும் ஒட்டிக்கொண்டது, அதன் குட்டிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. "மடிதடவி வருது" என்று எவராவது சொன்னால், ஆளா நாயா என்று கேட்க வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்துதான் வரும்.

என் மனைவி அங்கே பாக்கெட் போடும் பிரிவில் இருந்தாள். உடைந்த பிஸ்கட்டை மூட்டை கட்டி மாட்டுத் தீவனத்துக்கு அனுப்புவார்கள். மாட்டுக்குப் போகிறதில் ஒரு பிடியை மகளுக்காக மடியில் செருகினாள். நாய் வந்து உட்கார்ந்தது. தம்பி பெண்டாட்டி என்று பாராமல் அண்ணன், "ஊட்டு" என்றான். ஊட்டினாள். வேலை போனது. நான் அன்றைக்குக் கம்பெனி லாரியில் சரக்கோடு வெளியூரில் இருந்தேன். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டு வாசலை நான் மிதித்தது ஒரே தடவை, அவன் செத்தபோது. செத்தது நிஜம்தானா என்று பார்த்துவிட்டு வந்தேன். என் மனைவியும் பிறகு போய்ச் சேர்ந்தாள். கடைசி வரை அவள் பிஸ்கட்டைக் கையால் தொடவில்லை.

அந்த அண்ணன் மகனுடைய பண்ணையில்தான் என் மகள் வேலை செய்கிறாள். கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கட்டினவன் வேறொருத்தியோடு போன பிறகு அவள் என்னிடம்தான் வந்தாள். நான் இருப்பது சைக்கிள் கடை மாடியில் ஒரே ஒரு அறை. என் கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். அண்ணன் மகன் பண்ணைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு அறை கொடுத்தான். சொந்தக் குளியலறை, ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள். தாழ்ப்பாளுக்காகத்தான் அவள் போனாள். கூண்டு கழுவுவது, கறி வேகவைப்பது, குட்டிக்குப் புட்டிப்பால் கொடுப்பது எல்லாம் அவள். கார்க்காரர்கள் வந்தால் சிரிப்பது அவன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவன் என் மாடிப்படி ஏறி வந்தான். கையில் பழப் பை.

"சித்தப்பா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். என்ன வேணும்?"

"என்ன சித்தப்பா, வந்ததும் வராததுமா இப்படிக் கேக்குறீங்க?"

"பழத்தோட வந்திருக்கியே. உங்க வீட்டுக்குள்ள போன பழம் தோலாக்கூட வெளிய வராதேடா. சொல்லு."

அவன் கோபப்படவில்லை. விற்கிறவனுக்குக் கோபம் வராது. நாய்ச் சங்கம் என்று ஒன்று இருக்கிறதாம். அதில் இந்த ரகத்தைத் தனி இனமாகச் சேர்த்துவிட்டால் கண்காட்சியில் நிறுத்தலாமாம், குட்டிக்கு மவுசு ஏறுமாம். சேர்ப்பதற்கு ஒரு வழக்கம் உண்டாம். வளர்க்கிறவன் சொல்லும் பெயர் செல்லாது. முதல் நாய்களைக் கண்ணால் பார்த்த பெரியவர் ஒருவர், அந்த நாயை ஜனங்கள் எப்படிக் கூப்பிட்டார்கள், ஏன் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று சங்கத்து ஆட்கள் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும்.

"அப்படிப் பார்த்தவங்கள்ல உயிரோட இருக்கிறது நீங்க ஒருத்தர்தான் சித்தப்பா."

"அதுக்கு மன்னிப்புக் கேக்கணுமா?"

"ஐயோ, நூறு வருஷம் இருங்க. வர்ற ஞாயித்துக்கிழமை வந்து ராஜபாதம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"மடிதடவின்னு சொன்னா?"

அவன் முகம் ஒரு கணம் அப்பன் முகமாகிவிட்டுத் திரும்பி வந்தது.

"அந்தப் பேரைச் சொன்னா ஒரு குட்டி விக்காது. பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான். நான் எப்படியாச்சும் பொழைச்சுக்குவேன்." பழப் பையை என் கட்டிலின்மேல் வைத்தான். "தங்கச்சி எங்க போகும், பாவம்?"

அப்பன் கேட்டில் நின்று செய்ததை மகன் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செய்தான். எந்த மடியில் என்ன வைத்திருக்கிறேன் என்று தடவியே கண்டுபிடித்துவிட்டான்.

மறுநாள் மகளைப் பார்க்கப் பண்ணைக்குப் போனேன். பெரிய அண்டாவில் கறித் துண்டுகளைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"வந்தானா அண்ணன்?" என்றாள் திரும்பாமல்.

"வந்தான். ராஜா கதை சொல்லணுமாம்."

"சொல்லிடுங்கப்பா."

"உங்கம்மாவை நடுவாசல்ல நிக்க வச்ச நாய்டி இது."

"அந்த நாய் எப்பவோ செத்துப் போச்சு. இதுங்களுக்கு என்ன தெரியும்? பசிச்சா தட்டை நக்கும். அவ்வளவுதான்."

"நாயைச் சொல்லலை. பேரைச் சொல்றேன்."

கரண்டியை அண்டாவின் விளிம்பில் தட்டினாள். கூண்டுகளில் அத்தனை நாயும் எழுந்து நின்றன.

"பேரு என்னவா இருந்தா எனக்கென்னப்பா? ராஜான்னு வைக்கட்டும், மந்திரின்னு வைக்கட்டும். ராத்திரி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத் தூங்குறேன். உங்க உண்மையால எனக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கித் தர முடியுமா?"

படிக்காதவன் என்றால் பதில் வராது என்று நினைப்பார்கள். படித்தவனுக்கும் இதற்குப் பதில் வராது.

"சரி, சொல்றேன்" என்றேன்.

"சத்தியமா?"

"ராஜா, பாதம், மண்ணாங்கட்டி எல்லாம் சொல்றேன். போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். பொய் சொல்லப் போகிறவன் கசங்கின சட்டையோடு போகக் கூடாது. சங்கத்திலிருந்து ஒரு தொப்பிக்காரர், காமிராவோடு ஒரு அம்மா. தொப்பிக்காரர் வெள்ளைக் காற்சட்டையில் நாய்ப்பண்ணைக்கு வந்திருந்தார். அதிலிருந்தே அவர் ஜாதகம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு நாயின் பல்லையும் பார்த்தார், காதைப் புரட்டினார், வாலின் அடியைத் தூக்கினார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள்.

எனக்கு நாற்காலி போட்டார்கள். அண்ணன் மகன் என் தோளில் கை வைத்து, "எங்க சித்தப்பா. நடமாடும் சரித்திரம்" என்றான்.

நடமாடும் சரித்திரம் நாற்காலியில் உட்கார்ந்தது.

"சொல்லுங்க பெரியவரே. நிதானமா சொல்லுங்க" என்றார் தொப்பிக்காரர்.

நான் வாயைத் திறந்தேன். "அந்தக் காலத்துல ராஜாவோட சபையில..." என்று ஆரம்பித்தும்விட்டேன். கூண்டு ஓரத்தில் நின்ற மகள் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

அண்ணன் மகன் அதோடு விட்டிருந்தால் நானும் முடித்திருப்பேன். விற்கிறவனுக்குக் கடையை எப்போது மூடுவது என்று தெரியாது.

"ஒரு நிமிஷம் சித்தப்பா. சார், கதையைக் கேக்குறதைவிடக் கண்ணால பாருங்க. தங்கச்சி, இங்க வா."

ஒரு பிஸ்கட்டை எடுத்து அவளிடம் கொடுத்தான். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கென்று கூப்பிட்டிருந்த வேலைக்காரர்கள் இரண்டு பேருக்கு நடுவில் வரிசையாக நின்று, இடுப்பு மடியில் செருகிக்கொண்டாள். பெட்டை நாய் ஒன்றை அவிழ்த்துவிட்டான். அது முதல் ஆளைத் தாண்டியது. என் மகளுக்கு எதிரில் போய் உட்கார்ந்து வாலால் சிமெண்டுத் தரையைப் பெருக்கியது.

"அற்புதம்!" என்றார் தொப்பிக்காரர்.

"இன்னும் இருக்கு சார். பரம்பரை வழக்கம். தங்கச்சி, உன் கையால ஊட்டு."

மகள் குனிந்தாள்.

நான் எழுந்தது எனக்கே தெரியாது. நாற்காலி பின்னால் விழுந்த சத்தத்தில்தான் தெரிந்தது.

"ஊட்டாதே! கையை எடு!" என்று கத்தினேன். "ராஜாவாம், சபையாம். யோவ் தொப்பி, கேட்டுக்கோ. இது மடிதடவி. இவங்கப்பனுக்கு ஜனங்க வச்ச பேரு. பொம்பளைங்க இடுப்பைத் தடவித் தடவிச் சோறு தின்ன ஆளு அவன். அவன் கை போதலைன்னு இந்த நாயை வச்சான். ஒரு பிடி உடைஞ்ச பிஸ்கட்டுக்கு என் பெண்டாட்டியை இதே மாதிரி குனிய வச்சு, நாய்க்கு ஊட்டச் சொல்லி, வெளிய துரத்தினான். இதான் பூர்வீகம். எழுதிக்கோ. நல்லா எழுதிக்கோ!"

மூச்சு வாங்கியது. மகளின் கையிலிருந்து நாய் பிஸ்கட்டைத் தானே வாங்கிக்கொண்டது. அவள் முகத்தில் ரத்தம் இல்லை. போயிற்று, பண்ணை போயிற்று, அறை போயிற்று, தாழ்ப்பாள் போயிற்று என்று நினைத்தேன். அண்ணன் மகன் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் நின்றான்.

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"பிரமாதம்" என்றார்.

அடிக்க வருகிறவனைக்கூட எனக்குப் புரியும். இந்த ஆளைப் புரியவில்லை.

"பெரியவரே, ராஜா கதை கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. வர்றவன் எல்லாம் ராஜாவோட வர்றான். நீங்க சொன்னதுதான் நிஜமான வரலாறு. டாபர்மேன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது ஒரு ஆளோட பேரு. வரி வசூல் பண்ணின ஆளு. இன்னிக்கு யாராவது அதைக் கேவலமா நினைக்கிறாங்களா? தொழிற்சாலைக் காவல் நாய்! தொழிலாளர் வாழ்க்கையிலிருந்து வந்த இனம்! மடிதடவி. என்ன ஒரு பேரு, மண்வாசனையோட!"

"மண்வாசனை இல்லைங்க. மானம் போன வாசனை" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார் அந்தப் பாவி.

அண்ணன் மகனைப் பார்த்தேன். பச்சோந்திகூட நிறம் மாறக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். "நான் மொதல்லயே சொல்லலாம்னுதான் இருந்தேன் சார். வெளிய எப்படிச் சொல்றதுன்னு ஒரு கூச்சம்" என்றான். என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு மகள் விழுந்த நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"சொல்றேன்னு சத்தியம் பண்ணீங்க."

"நீ குனிஞ்சதைப் பார்த்ததும்..."

"நான் குனிஞ்சது என் சோத்துக்கு. எனக்காகப் பேசினேன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா. உங்களுக்காகப் பேசினீங்க." அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்தாள். "ஏதோ அந்த ஆளுக்குப் பிடிச்சுப் போச்சு, பொழைச்சேன். இனிமே இங்க வந்தா வாயைத் திறக்காதீங்க."

அப்புறம் ரொம்ப நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பண்ணை அமோகமாக நடக்கிறது என்று சைக்கிள் கடைக்காரன் சொன்னான். கம்பெனி முதலாளிகள், கிடங்கு வைத்திருப்பவர்கள் எல்லாம் வரிசையில் நிற்கிறார்களாம். முன்பு ராஜா கதைக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தன்னிடம் வேலை செய்கிறவன் திருடுகிறான் என்று சந்தேகப்படுகிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். எனக்கு அது குரைப்பது மாடிவரை கேட்டது.

நேற்றுச் சாயங்காலம் மகள் படியேறி வந்தாள். ஒரு கையில் தகரப்பெட்டி, இன்னொரு கையில் சுருட்டின பாய்.

"என்னம்மா?"

பெட்டியை வைத்துவிட்டு நின்றபடியே தண்ணீர் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"வாசல்ல புதுசா போர்டு வச்சிருக்கான். சுவர் அகலத்துக்கு. 'மடிதடவி: உழைப்பாளியின் அன்பில் வளர்ந்த இனம்'னு."

"எழுதிட்டுப் போறான். பொய்க்கா பஞ்சம்?"

"படமும் வரைஞ்சிருக்கான். கம்பெனி உடுப்புல ஒரு பொம்பளை குனிஞ்சு நாய்க்கு பிஸ்கட் ஊட்டுறா. அவங்க வீட்ல உங்க பழைய கல்யாண போட்டோ ஏதோ இருந்திருக்கு. அம்மா முகத்தை அப்படியே எடுத்து வச்சிருக்கான்." தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "சிரிக்கிறாங்கப்பா. அம்மா சிரிச்சுக்கிட்டே ஊட்டுறாங்க."

நான் செருப்பைத் தேடினேன். "அந்த நாயை நான் போய்..."

"எங்கயும் போக வேண்டாம். நான் கேட்டாச்சு. எடுன்னு சொன்னேன். 'சித்தப்பா சொன்ன கதைதானே தங்கச்சி, சித்திக்குப் பெருமைதானே'ன்னான். வர்றவன் போறவன் எல்லாம் அது முன்னாடி நின்னு படம் எடுக்குறான். ஒருத்தன் என்னையும் குனியச் சொன்னான், அம்மா ஜாடை இருக்காம்." பாயை அவிழ்த்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். "ராஜா கதையே இருந்திருந்தா, ராஜா படத்தைப் போட்டுட்டுப் போயிருப்பான். எவனோ ஒரு ராஜா. நமக்கென்ன வந்தது?"

அண்ணன் மகனைத் திட்டினேன். தொப்பிக்காரனைத் திட்டினேன். படம் வரைந்தவனையும், அதன் முன்னால் நின்று பல்லைக் காட்டுகிறவர்களையும், அவர்கள் வாங்கிப் போகும் நாய்களையும், அந்த நாய்களுக்குக் கழுத்துப் பட்டை தைக்கிறவனையும் திட்டினேன். எல்லோரையும் திட்டி முடிக்கிற வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"கதவை முழுசா சாத்தணும். தாழ்ப்பாள் எங்க இருக்கு?"

"இல்லை. கயிறுதான் கட்டுவேன்."

"நாளைக்கு வாங்கிட்டு வாங்க. கட்டிலை வெளிய போடுங்க, பாய் விரிக்க இடம் இல்லை."

நான் கட்டிலைத் தூக்கி மாடிப்படி முகப்பில் போட்டேன். படுத்தால் என் கால் கொஞ்சம் வெளியே தொங்கும், பரவாயில்லை. உள்ளே அவள் கதவைச் சாத்திக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். முடிச்சு சரியாக விழுந்ததா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.